லைட்ஹவுஸ்: மறைந்திருக்கும் பக்கத்தை அளக்கும் கருவி

குரோம் உலாவிக்குள்ளேயே இலவசமாகக் கிடைக்கும், இணையப் பக்கங்களின் வேகத்தை அளந்து மதிப்பெண் தரும் லைட்ஹவுஸ் கருவியை ஒரே ஒரு கேள்விக்காக அண்மையில் மீண்டும் ஆராய்ந்தேன். பக்கத்தின் ஒபாசிட்டியை (ஓர் உறுப்பு எந்த அளவு தெரிகிறது என்பதைக் குறிக்கும் மதிப்பு; 0 என்றால் தெரியாது, 1 என்றால் முழுதாகத் தெரியும்) 0 என வைத்து மறைத்துவிட்டு, சற்றுப் பொறுத்துக் காட்டும் தளங்களில் அது தரும் எண்களை நம்பலாமா? இப்படி மறைப்பது அரிதான வழக்கமன்று. ஒரே பக்கத்தின் இரு வடிவங்களை வெவ்வேறு பயனர்களுக்குக் காட்டி ஒப்பிடும் ஏ/பி சோதனைக்கான நிரல்கள், பழைய வடிவம் ஒரு கணம் தோன்றி மாறுவதைத் தவிர்க்க இதையே செய்கின்றன. 2023 செப்டம்பரில் நிறுத்தப்பட்ட, அத்தகைய சோதனைக் கருவியான கூகுள் ஆப்டிமைஸின் நிரல்துண்டு, இயல்பு அமைப்பிலேயே 4 விநாடி வரை பக்கத்தை மறைத்து வைக்கக்கூடியதாக இருந்தது.

லைட்ஹவுஸின் செயல்திறன் மதிப்பெண்ணில் 25 விழுக்காடு எல்சிபி (Largest Contentful Paint) அளவுக்கு உரியது. திரையில் தெரியும் மிகப் பெரிய படமோ எழுத்துத் தொகுதியோ வரையப்பட்ட நேரம் அது, 2.5 விநாடிக்குள் இருந்தால் நன்று என்பது கூகுளின் வரையறை. ஒபாசிட்டி 0 உள்ள உறுப்பை இக்கணக்கில் சேர்க்காதது சரியான முடிவே. சிக்கல் அதன் பிறகு வருகிறது. ஒபாசிட்டியை அனிமேஷன் வழியே 1-க்கு உயர்த்தும்போது, பல வேளைகளில் உலாவி அந்த உறுப்பை மறுபடி வரைவதில்லை. முன்பே வரைந்து வைத்த அடுக்கை, அடுக்குகளைச் சேர்த்துத் திரையில் காட்டும் உலாவிப் பகுதியான கம்பாசிட்டர் கலந்து காட்டுவதோடு வேலை முடிந்துவிடுகிறது. வரைதல் இல்லையென்றால் எல்சிபி பதிவும் இல்லை. ஆகவே முகப்பை நிறைத்து நிற்கும் படம் விடுபட்டு, அதன் கீழுள்ள சிறு பத்தி எல்சிபி ஆகிவிடக்கூடும். பக்கம் முழுவதையும் உள்ளடக்கிய வேர் உறுப்பையே (html) மறைத்தால் மட்டும் குரோம் அதைத் தனியாகக் கவனித்துக்கொள்கிறது. உள்ளிருக்கும் உறுப்புகளுக்கு அந்தச் சலுகை இல்லை.

இதைவிட எரிச்சலூட்டுவது ஒபாசிட்டிக்கு 0.01 என்னும் மதிப்பைத் தருவது. அது பூச்சியம் அன்று என்பதால் உலாவி வரைந்ததாகக் கொள்கிறது. பார்ப்பவர் கண்ணுக்கோ வெறும் திரை. எல்சிபியை அழகாக்க இதைத் தெரிந்தே வைப்பவர்கள் உண்டு. அதை மேம்பாடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆயினும் லைட்ஹவுஸை நான் கைவிடவில்லை. காரணம், திரை எவ்வளவு விரைவாக நிரம்புகிறது என்பதைக் காட்டும் ஸ்பீட் இண்டெக்ஸ் என்னும் அளவு. ஏற்றத்தின்போது எடுத்த ஸ்கிரீன்ஷாட்களை அடிப்படையாகக் கொண்டு கணக்கிடப்படுவதால், திரை காலியாக இருந்த நேரத்தை அதனிடம் எளிதில் மறைக்க முடியாது. மதிப்பெண்ணில் அதற்கு 10 விழுக்காடே ஒதுக்கியிருப்பது, இத்தகைய தளங்களைப் பொறுத்தவரை மிகக் குறைவு. எல்சிபி நன்றாகவும் ஸ்பீட் இண்டெக்ஸ் மோசமாகவும் இருக்கும் அறிக்கை கிடைத்தால், எண்களுக்குக் கீழே வரும் ஸ்கிரீன்ஷாட் வரிசையைப் பாருங்கள். முதற்சில கட்டங்கள் வெறுமையாக இருந்தால், அடுத்துத் தேட வேண்டியது பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ்-இல் உள்ள ஒபாசிட்டி வரியைத்தான்.