நின்றே கிடக்கும் வண்டிக்கு ஒரு சார்ஜர்: சிடெக் எம்எக்ஸ்எஸ் 5.0

மாதத்துக்கு ஒருமுறை வெளியே எடுக்கிற வண்டி. சாவியைத் திருப்பினால் ரிலே மட்டும் டிக் டிக்கென்று அடிக்கிறது, மீட்டர் விளக்குகள் மங்கி அணைகின்றன, செல்ஃப் எடுக்கவில்லை. உடனே எல்லோரும் தேடுவது ஜம்பர் கேபிள். கேபிள் போட்டால் வண்டி கிளம்பிவிடும். பேட்டரியின் வயிறு காலியாகத்தான் இருக்கும். அடுத்த மாதம் அதே கதை, அதற்கடுத்த மாதம் புது பேட்டரி. இப்படி நிற்கும் வண்டிக்கு வாங்க வேண்டியது, மாதக்கணக்கில் கழற்றாமல் விடக்கூடிய சின்ன தானியங்கி சார்ஜர். அந்த வகையில் ஸ்வீடன் நிறுவனமான சிடெக்கின் எம்எக்ஸ்எஸ் 5.0 நம்பி வாங்கக்கூடியது. ஆனால் அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

முதலில் பேட்டரி ஏன் இறங்குகிறது என்று பார்ப்போம். வண்டி நின்றாலும் அலாரம், ரிமோட் பூட்டின் ரிசீவர், கடிகாரம், இன்ஜின் கம்ப்யூட்டரின் நினைவகம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும். 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை சாதாரணம். 50 என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி (பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அலகு; ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் ஒன்று). 60 ஆம்பியர்-மணி பேட்டரியில் 25 நாளில் பாதி போய்விடும். பேட்டரி தானாகவே இறங்குவது இதற்கு மேல் தனிக் கணக்கு. வெயில் ஏற ஏற அந்த வேகமும் கூடும்.

பாதி இறங்கிய நிலையில் கிடப்பதுதான் உண்மையான கேடு. மின்சாரம் வெளியேறும்போது தகடுகளில் ஈய சல்பேட் படிகிறது. உடனே சார்ஜ் செய்தால் அது கரைந்து பழைய நிலைக்குத் திரும்பும். வாரக்கணக்கில் விட்டால் கெட்டிப் படிகமாக இறுகி, பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் முழுதாகக் கரையாது. தகட்டில் வேலை செய்யும் பரப்பு அவ்வளவுக்குக் குறைந்துவிடும். அதனால் மல்டிமீட்டரில் (வோல்டேஜ் அளக்கும் கைக்கருவி) 12.4 வோல்ட்டுக்குக் கீழே பேட்டரியைக் கிடக்க விடக்கூடாது. சில மணி நேரம் ஓய்ந்த சாதாரணப் பேட்டரியில் 12.6 முதல் 12.7 வரை காட்டினால் முழுது, 12.4 என்றால் முக்கால், 12.2 பாதி, 12.0 கால். 11.8 என்றால் ஒன்றுமில்லை. அரை வோல்ட் குறைந்தாலே பாதி பேட்டரி போயிற்று என்பதை மனதில் வையுங்கள். ‘12 காட்டுகிறதே, நல்லாத்தானே இருக்கு’ என்று நினைத்து ஏமாறுபவர்கள் ஏராளம்.

வாரம் ஒருமுறை பத்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு அணைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வண்டி நின்றபடி இன்ஜின் மெல்ல ஓடும்போது ஆல்டர்னேட்டர், அதாவது இன்ஜினோடு சுற்றி மின்சாரம் தரும் ஜெனரேட்டர், தருவது குறைவு. ஏசி, விளக்கு, விசிறி எல்லாம் அதில் பங்கு கேட்கும். 30 ஆம்பியர்-மணி இறங்கிய பேட்டரிக்குப் பத்து நிமிடத்தில் போய்ச் சேருவது சொற்பம். போதாததற்கு, சூடேறாத இன்ஜினில் ஆயிலிலும் சைலன்ஸரிலும் ஈரம் தேங்கும்.

இனி சார்ஜர். 12 வோல்ட் மட்டும்தான், அதிகபட்சம் 5 ஆம்பியர். ஐபி65 தரம் என்பதால் தூசி உள்ளே புகாது, தண்ணீர் தெறித்தாலும் பயமில்லை. முகப்பில் வரிசையாக எட்டு விளக்குகள், ஒவ்வொன்றும் ஒரு படி. படி 1 துடிப்பு மின்னோட்டம். புதிதாகப் படிந்த சல்பேட்டை உடைக்கப் பார்க்கும். படி 2 மென்மையான தொடக்கம்: பேட்டரி சார்ஜை வாங்கிக்கொள்கிறதா என்று சோதிக்கும். படி 3-இல் முழு 5 ஆம்பியரும் போகும், 14.4 வோல்ட் எட்டும்வரை. இங்கே ஏறத்தாழ 80 சதவீதம் நிரம்பிவிடும். படி 4-இல் வோல்டேஜ் அப்படியே நிற்க, ஆம்பியர் மெல்ல மெல்ல இறங்கும். மிச்சத்தை நிரப்புவது இதுதான். படி 5 ஒரு சோதனை: சார்ஜரே கையை எடுத்துக்கொண்டு, வோல்டேஜ் சரிகிறதா என்று மூன்று நிமிடம் பார்க்கும். படி 6 மீட்டெடுப்பு. நீங்கள் தேர்ந்தெடுத்தால் மட்டும் நடக்கும். படி 7-இல் 13.6 வோல்ட்டில் பத்து நாள் வரை தாங்கிப் பிடிக்கும். அதன்பின் படி 8: வோல்டேஜைக் கவனித்துக்கொண்டே, இறங்கும்போது மட்டும் சிறு துடிப்பு கொடுத்து 95-க்கும் 100 சதவீதத்துக்கும் நடுவே வைத்திருக்கும்.

கடைசி இரண்டு படிகளுக்காகத்தான் இந்தப் பணம். பழைய டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜரை மாதக்கணக்கில் விட்டால் தண்ணீர் வாயுவாகி வற்றி, தகடு வெளியே தெரியும். இதை விடலாம். வெப்பநிலைக்கு ஏற்ப வோல்டேஜைத் தானே திருத்திக்கொள்வதால் வெயிலில் அளவுக்கு மீறி ஏற்றாது, குளிரில் குறைவாக விட்டுவிடாது. நடுவில் கரண்ட் போய் வந்தாலும் கடைசியாகத் தேர்ந்த முறையிலேயே மறுபடி தொடங்கும். கரண்ட் அடிக்கடி போகிற இடத்தில் இது பெரிய நிம்மதி.

பொத்தானில் நான்கு முறைகள். மோட்டார் சைக்கிள் படம்: 0.8 ஆம்பியர், 14 ஆம்பியர்-மணி வரையுள்ள சின்ன பேட்டரிகளுக்கு. கார் படம்: 5 ஆம்பியர், 14.4 வோல்ட். பனிச்செதில் படம்: 14.7 வோல்ட்; குளிர் காலத்துக்கும் பல ஏஜிஎம் பேட்டரிகளுக்கும் (அமிலம் திரவமாக நிற்காமல் கண்ணாடி இழைப் பாயில் ஊறியிருக்கும் வகை). நான்காவது மீட்டெடுப்பு, 15.8 வோல்ட் வரை. ஏஜிஎம் என்று கண்டதும் பனிச்செதிலை அழுத்திவிட வேண்டாம். பேட்டரி மேல் அச்சிட்ட சார்ஜிங் வோல்டேஜைப் படித்துவிட்டு முடிவெடுங்கள், 14.4 போதும் என்கிற ஏஜிஎம்களும் உண்டு. மீட்டெடுப்பு, திரவ அமிலம் உள்ள பேட்டரி ரொம்ப இறங்கிக் கிடந்தால் மட்டும். அடியில் கனத்த அமிலமும் மேலே நீர்த்த அமிலமுமாகப் பிரிந்து நிற்பதை அந்தக் கூடுதல் வோல்டேஜ் குமிழிவிட்டுக் கலக்கும். அப்போது வண்டியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு, சார்ஜரின் கறுப்பு கிளிப்பை இந்த ஒரு முறை மட்டும் பேட்டரியின் நெகட்டிவிலேயே கொடுத்துச் செய்யுங்கள். 15.8 வோல்ட்டை வண்டியின் கம்ப்யூட்டர்களுக்குக் காட்ட வேண்டிய அவசியமே இல்லை.

மாட்டும் வரிசை முக்கியம். சிவப்பு கிளிப் பேட்டரியின் பாசிட்டிவில். கறுப்பு கிளிப் பேட்டரியையும் பெட்ரோல் குழாயையும் விட்டு விலகி, இன்ஜின் பக்கத்திலோ பாடியிலோ பெயின்ட் இல்லாத கெட்டியான உலோகத்தில். அதன் பிறகுதான் சுவர் பிளக். எடுக்கும்போது தலைகீழ்: முதலில் பிளக், பிறகு கறுப்பு, கடைசியில் சிவப்பு. சார்ஜ் ஆகும் பேட்டரி ஹைட்ரஜன் விடும். பொறி பறக்கிற இடம் அதன் தலைக்கு மேல் இருக்கக்கூடாது என்பதே காரணம். நெகட்டிவ் டெர்மினலில் சின்னதாக ஒரு சென்சார் பெட்டி உட்கார்ந்திருக்கும் புது வண்டிகளில் கறுப்பைப் பாடியில் கொடுப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நேராக டெர்மினலில் கொடுத்தால் உள்ளே போன சார்ஜ் அந்த சென்சாரின் கணக்கில் வராது. பேட்டரி இன்னும் காலி என்றே வண்டி நினைத்துக்கொண்டிருக்கும்.

பெட்டியில் கிளிப்போடு வளைய முனை வயர் ஒன்றும் வருகிறது. அடிக்கடி மாட்டிக் கழற்றுவதானால் இதைத்தான் நிரந்தரமாகப் பொருத்த வேண்டும். 10 மில்லிமீட்டர் ஸ்பேனரால் டெர்மினல் போல்ட்டைத் தளர்த்துங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருந்தால் வெந்நீரில் சமையல் சோடா கரைத்து ஊற்றி, பழைய பிரஷ்ஷால் தேய்த்து, காயவிட்டுத் துடையுங்கள். பிறகு வளையத்தை நட்டுக்கு அடியில் வைத்து முறுக்குங்கள்; மேலே சொன்ன சென்சார் உள்ள வண்டியானால் கறுப்பு வளையம் மட்டும் பாடியில். வயர் விசிறியிலோ சூடான மேனிஃபோல்டிலோ படாமல் கட்டி, முனையை கிரில் பக்கமாக வெளியே விட்டால், வண்டியை நிறுத்தியதும் பானெட்டைத் திறக்காமலே சொருகிவிடலாம். திறக்க வேண்டும் என்கிற சோம்பலில்தான் பலரின் சார்ஜர் அலமாரியிலேயே தூங்குகிறது.

நேரக் கணக்கு: காலியான 60 ஆம்பியர்-மணி பேட்டரி 80 சதவீதம் எட்ட சுமார் 12 மணி நேரம், மிச்சத்துக்கு இன்னும் சில மணி. 110 என்றால் ஒரு நாளுக்கு மேல். காலையில் வேலைக்குப் போக வண்டி வேண்டும், இப்போது இரவு பத்து மணி என்றால் இது உதவாது. அதற்கு லிதியம் ஜம்ப் ஸ்டார்ட்டர் ஒன்று தனியாக வேண்டும். அதையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் செய்து வைக்காவிட்டால் தேவைப்படும் நாளில் அதுவும் படுத்திருக்கும்.

குறைகள் மூன்று. வோல்டேஜ் எண் காட்டும் திரை கிடையாது, விளக்குதான்; ஆக ஒரு மல்டிமீட்டர் கட்டாயம். இரண்டாவது, 2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிய பேட்டரியை இது கண்டுகொள்ளாது. இரவு முழுக்க ஹெட்லைட் எரிந்து இறங்கியது என்றால், இன்ஜின் அணைத்த இன்னொரு வண்டியின் பேட்டரியோடு ஜம்பர் கேபிளால் பத்துப் பதினைந்து நிமிடம் இணைத்து, வோல்டேஜ் ஏறியதும் கேபிளைக் கழற்றிவிட்டு சார்ஜரை மாட்டலாம். மாதக்கணக்கில் அப்படிக் கிடந்த பேட்டரிக்கு இந்த வைத்தியம் வேண்டாம், மாற்றிவிடுங்கள். மூன்றாவது, லிதியம் பேட்டரிக்கு இது பொருந்தாது. அதற்குத் தனி மாடல் வேண்டும்.

பச்சை விளக்கு சொல்லும் பொய் ஒன்று இருக்கிறது. இதைக் கவனமாகப் படியுங்கள். முழுக்க இறங்கிய 60 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரு மணி நேரத்தில் படி 7-க்கு வந்துவிட்டால் சந்தோஷப்படாதீர்கள். 5 ஆம்பியர் வீதம் ஒரு மணி நேரத்தில் போவது 5 ஆம்பியர்-மணி. மிச்சம் எங்கே? தகடு இறுகிப்போனதால் வோல்டேஜ் மட்டும் விறுவிறுவென்று 14.4 தொட்டிருக்கிறது, உள்ளே இடமே இல்லை. பெரிய டிரம்மில் சிமென்ட் கொட்டி, மேலே ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி நிரம்பிவிட்டது என்பதுபோல. சார்ஜரைக் கழற்றி 12 மணி நேரம் கழித்து அளந்து பாருங்கள், 12.4-க்குக் கீழே வந்திருந்தால் சந்தேகம். பிறகு மீட்டர் முனைகளை டெர்மினலில் பிடித்தபடி இன்னொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். மிதமான வெப்பத்தில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரியின் ஆயுள் முடிந்தது. எந்தச் சார்ஜரும் இனி அதைக் காப்பாற்றாது.

எச்சரிக்கை விளக்கு எரிந்தால் முதலில் கிளிப் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். தலைகீழாகக் கொடுத்தாலும் சார்ஜருக்கு ஒன்றும் ஆகாது. வரிசை சரி என்றால் பேட்டரி சோதனையில் தோற்றிருக்கிறது. அழுகிய முட்டை வாடை வந்தாலோ, பேட்டரி உப்பியிருந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் கை பொறுக்காமல் சுட்டாலோ உடனே பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஜன்னல் கதவுகளைத் திறந்துவிடுங்கள். மூடி உள்ள பேட்டரியானால் சார்ஜுக்கு முன் தகடு மூழ்கும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர். குறி வரை நிரப்புவது சார்ஜ் முடிந்த பிறகு. முன்பே நிரப்பினால் சார்ஜ் ஆகும்போது அமிலம் பொங்கி வழியும்.

ஹைபிரிட், மின்சார வண்டி வைத்திருப்பவர்களுக்கும் இது வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் அதன் ரிலேக்களை எழுப்புவது பெரும்பாலும் ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரிதான். அது இறங்கினால் வண்டி அசையாது. சிலவற்றில் அது டிக்கிக்குள் இருக்கும். டிக்கியின் பூட்டோ மின்சாரத்தில் திறப்பது. அதற்காகத்தான் பானெட்டுக்கு அடியில் தனியாகப் பாசிட்டிவ் முனை வைத்திருப்பார்கள். அது எங்கே என்று கையேட்டில் இன்றைக்கே பார்த்து வையுங்கள்.

வண்டி நிற்கும் இடத்தில் பிளக் பாயிண்ட்டே இல்லை என்றால் இந்தச் சார்ஜரை வாங்காதீர்கள். நெகட்டிவ் வயரைக் கழற்றி, பேட்டரியில் படாதபடி துணி சுற்றி வைப்பதே மலிவான வழி. கடிகாரம் அழியும், சில வண்டிகளில் ரேடியோ கோடு கேட்கும், பவர் விண்டோவை மறுபடி பழக்க வேண்டியிருக்கும், அலாரமும் வேலை செய்யாது. கன்ட்ரோலரோடு 10 வாட் சோலார் தகடு இன்னொரு வழி. ஆனால் லைட்டர் சாக்கெட்டில் சொருகும் வகையானால், உங்கள் வண்டியில் சாவியை எடுத்த பிறகும் அந்த சாக்கெட்டில் மின்சாரம் இருக்கிறதா என்று முதலில் மீட்டரில் பாருங்கள். பல வண்டிகளில் இருக்காது. மாதம் முழுக்க வெயிலில் கிடந்தாலும் பேட்டரிக்கு ஒரு துளியும் போய்ச் சேராது.