மாதம் ஒரு இலக்கு: தமிழ் மாதக் கணக்கில் இரண்டு வருடம்

மாதாமாதம் ஒரு இலக்கை எழுதி வைத்து டிக் போட்டு வருகிறேனே, அதனால் பிரயோஜனம் உண்டா என்று அலுவலகத் தோழி கேட்டாள். தப்பான நாளில் கேட்டுவிட்டாள். இருந்தாலும் நியாயமாகவே சொல்லப் பார்க்கிறேன்.

முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். மாதத்துக்கு ஒரே இலக்கு. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும், சொல்லாமல் விருந்தாளி வந்து நின்றாலும் செய்து முடிக்கிற அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கால் மணி நேர நடை, படுக்கையில் போன் இல்லை, பத்துப் பக்கம் வாசிப்பு என்கிற மாதிரி. செய்த நாளின் கட்டத்தில் ஒரு டிக். சமையலறைச் சுவரில் தொங்கும், மளிகைக் கடையில் கொடுத்த மாதக் காலண்டர் போதும்.

என்னுடைய ஒரே மாற்றம், ஒன்றாம் தேதியில் தொடங்குவதை விட்டதுதான். குடும்பத்தில் ஒன்றாம் தேதி யாருக்குச் சொந்தம்? வீட்டு வாடகை, மளிகை லிஸ்ட், பால் கணக்கு, வேன் ஃபீஸ், ஈஎம்ஐ எல்லாம் அன்றைக்குத்தான் வரிசை கட்டி நிற்கும். அதற்கு நடுவே நான் எங்கே புது மனுஷியாவது? தமிழ் மாதம் அப்படியில்லை. பெரும்பாலும் 14 முதல் 18 தேதிக்குள் பிறக்கும். செலவெல்லாம் ஓய்ந்து வீடு கொஞ்சம் மூச்சு விடுகிற நேரம்.

இதில் நான் எதிர்பார்க்காத சந்தோஷம், மாதங்களுக்கு இருக்கும் குணம். மார்கழியில் தெருவே விடியற்காலையில் கோலத்தோடு விழித்திருக்கும், அதனால் சீக்கிரம் எழுவது அந்த மாதத்துக்கு. ஆடியில் கல்யாணப் பத்திரிகை வராது, ஞாயிற்றுக்கிழமைகள் என் கையில். புரட்டாசியில் எங்கள் வீட்டில் கறி, மீன் கிடையாது. இரவில் குறைவாகச் சாப்பிடத் தனியாக மன உறுதி தேவையில்லை. நீளமும் ஒரே மாதிரி இல்லை. ஜனவரித் தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு அருகில் வேகமாக ஓடுவதால் மார்கழி 29 அல்லது 30 நாளில் முடிந்துவிடும். ஜூலைத் தொடக்கத்தில் தூரத்தில் மெதுவாகப் போவதால் ஆனி 32 நாள் வரை இழுக்கும். குளிரில் எழ வேண்டிய மாதம் குட்டை, பள்ளி திறந்து அல்லாடுகிற மாதம் நீளம். அம்மாக்களைக் கேட்டுத்தான் வைத்தார்களோ என்று தோன்றும்.

சரி, இப்போது எரிச்சல். காலண்டர் தாள் ஜனவரி, பிப்ரவரி என்றுதான் வருகிறது. என் மாதம் பாதி ஒரு தாளில், மீதி அடுத்த தாளில். டிக் வரிசை நன்றாக ஏறிக்கொண்டிருக்கும்போது ஒன்றாம் தேதி வரும். யாராவது தாளைக் கிழிப்பார்கள். கிழித்ததை வைத்திருப்பார்களா என்றால், அதுவும் இல்லை. வழவழப்பான கெட்டித் தாள், நோட்டுக்கு அட்டை போட இதைவிட வாகானது கிடையாதே! இன்று ஆகஸ்ட் 1, ஆடி 16. ஆடியின் முன்பாதி முழுவதும் என் பையனின் கணக்கு நோட்டில், உள்பக்கமாக மடிந்து, பசை போட்டு ஒட்டப்பட்டிருக்கிறது.

"டிக் போனால் என்ன, நடந்தது நடந்ததுதானே?" என்கிறார் வீட்டுக்காரர். தத்துவம் சரிதான், கிழித்ததும் அவர்தான்.

தனித் தாள் ஒட்டிப் பார்த்தேன். அத்தை அதில் கேஸ் புக் பண்ணிய தேதியை எழுதினார், மறுவாரம் பால் கணக்கும் ஏறியது. டைரி மேஜைக்குள் போய்விட்டது. கண்ணில் படாத இலக்கு மனதிலும் நிற்பதில்லை. செயலியோ குழம்பு கொதிக்கிற நேரம் பார்த்து மணி அடிக்கிறது.

இன்னொன்று, பழக்கம் படிய ஒரு மாதம் போதாது. 2010-இல் வெளியான லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வில், ஒரு செயல் தானாக வருவதற்குச் சராசரியாக 66 நாள் ஆனது; ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை. ஒரு நாள் தவறினால் பெரிய பாதகமில்லை என்பதையும் அதில்தான் பார்த்தார்கள். அதனால் நான் ஒரே இலக்கை இரண்டு தமிழ் மாதத்துக்கு நீட்டுவது உண்டு. அதாவது மூன்று தாள். அதாவது இரண்டு முறை கிழியும்.

முழங்கால் வலி குறைந்தது, வாசிப்பு திரும்பியது, படுத்ததும் தூக்கம் வருகிறது. இத்தனைக்கும் இந்த முறைதான் காரணம், மறுக்கவில்லை. ஆனால் தோழிக்குச் சிபாரிசு செய்வேனா? நோட்டுக்கு அட்டை போடுகிற வயதில் பிள்ளை இருக்கிற வீட்டில் வேண்டவே வேண்டாம். அவளுக்கு அப்படி இரண்டு பேர். சித்திரை முதல் பங்குனி வரை பன்னிரண்டு தாளாக யாராவது அச்சடித்து விற்றால், காசு கொடுத்து அவளுக்கும் சேர்த்து நானே வாங்கிக்கொள்கிறேன்.