ஸ்டிக்கர் போச்சு, பெயர் போகல: ரப்பர் வீலோடு என் அனுபவம்

பழைய வேன் வாங்கிய நண்பர் ஒருவர், அதன் மேலிருக்கும் டிராவல்ஸ் பெயரை எடுக்க ரப்பர் வீல் வாங்கலாமா என்று கேட்டார். ‘தாராளமா வாங்குங்க’ என்றேன். போனை வைத்த பிறகு ‘ஆனா’க்கள் ஒவ்வொன்றாக வந்தன. அவற்றை எழுதி வைத்துவிடுகிறேன்.

டிரில் மெஷினில் மாட்டும் நாலு இஞ்ச் வீல்தான், எல்லோரும் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். இவ்வகை வீல்கள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 4,000 சுற்று வரைதான் தாங்கும். வீட்டு டிரில் 3,000-ஐ ஒட்டிச் சுற்றும், அதுவே போதும். ஆங்கிள் கிரைண்டர் 11,000 சுற்று. அதில் மாட்டிப் பார்க்கலாமே என்று தோன்றினால், தோன்றியதோடு விட்டுவிடுங்கள்.

என்னுடையது மெரூன் கலர் ஆம்னி வேன், முன்பு சமையல் கான்ட்ராக்ட்காரர் ஒருவரிடம் ஓடியது. இரண்டு பக்கமும் ‘திருமண விசேஷங்களுக்கு’ என்று பெரிய வினைல் எழுத்து. புது வினைல் என்றால் ஹேர் டிரையரில் சூடு காட்டி, பின்பக்கமாக மடித்து மெதுவாக இழுத்தால் முழு எழுத்தாகவே வந்துவிடும். வெயிலில் வருஷக்கணக்கில் காய்ந்தது அப்படி வராது. உள்ளிருந்த மென்மை எல்லாம் போய் மொறமொறத்துவிடுவதால், நகம் பட்ட இடம் மட்டும் பொடியாக உடையும், அடியில் பசை அப்படியே நிற்கும். மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய், டர்பன்டைன் எல்லாம் போட்டுப் பார்த்தாச்சு. பசை கரையும், ஆனால் போகாது. துணியோடு சேர்ந்து பக்கத்து இடத்துக்கும் பரவும், அதன் மேல் தூசி ஒட்டும்.

வீலை முதலில் வைத்தது அந்த ‘ண’வின் மூன்று சுழியில். லேசாகத் தொட்டதுமே வினைலும் பசையும் சேர்ந்து சுருண்டு உதிர்ந்தன. பென்சில் எழுத்தை ரப்பர் அழிக்கிற அதே வேலைதான், மோட்டார் வைத்துச் செய்கிறது. உள்ளே பெயின்ட் பளபளவென்று வந்து நின்றதைப் பார்த்ததும் ஒரு வெறியே வந்துவிட்டது, சாப்பாட்டைக்கூட மறந்து முழு வரியையும் எடுத்துவிட்டுத்தான் நகர்ந்தேன்.

இனி வசவு. தூள். பழுப்பு நிறத் தூள், கதவு பீடிங்கில், கண்ணாடிச் சந்தில், சட்டைப் பையில், காதில். ரப்பர் கருகிய நாற்றம் வேறு. மாடியில் துணி காயும் நேரத்தில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள், வீட்டில் சாப்பாடு கிடைக்காது. வீல் ஒரே இடத்தில் நின்றால் சூடேறிவிடும், நகர்த்திக்கொண்டே இருக்கணும். பிளாஸ்டிக் பம்பர் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். லோக்கலில் என்.சி பெயின்ட் (தின்னரில் கரைந்துவிடும் நைட்ரோசெல்லுலோஸ் பெயின்ட்) அடித்த வண்டியா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கதவின் உட்பக்க மூலையில் தின்னர் தொட்ட துணியால் தேய்த்தால் கலர் துணியில் வந்துவிடும். அப்படி வந்தால் மிச்சப் பசையைத் துடைக்கத் தின்னரும் வேண்டாம், நெயில் பாலிஷ் ரிமூவரும் வேண்டாம்.

ரேடியம் ஸ்டிக்கர் தனி ரகம். வெளிச்சத்தைத் திருப்பியடிக்க நுண்ணிய கண்ணாடி மணிகள் வைத்து அடுக்கடுக்காகச் செய்தது. மேல் அடுக்கு போகும், கீழ் அடுக்கு பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும், வீல் கண்ணெதிரே தேயும். அதற்குச் சூடு காட்டி பிளாஸ்டிக் பிளேடால் சுரண்டுவதுதான் வழி, நேரம் இழுக்கும்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது, எடுத்த பிறகும் பெயர் இருப்பது. ஸ்டிக்கருக்கு அடியிலிருந்த பெயின்ட் வெயில் படாமல் புதுசாக இருக்கிறது, சுற்றியிருப்பது வெளுத்துவிட்டது. ஆக ‘திருமண விசேஷங்களுக்கு’ இப்போது அடர் மெரூனில், முன்பைவிடக் கௌரவமாகத் தெரிகிறது. மழையில் வண்டி நனைந்தால் மறைந்துவிடும், காய்ந்ததும் எழுத்து எழுத்தாகத் திரும்பி வரும். ரப்பிங் காம்பவுண்ட் போட்டு சுற்றியுள்ள வெளுப்பைத் தேய்த்ததில் பாதி மங்கியது. மீதியைத் தேய்க்கப் போனால் பெயின்டே மிஞ்சாது. சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் பட்டு வேட்டியில் போய் இறங்கும்போது, மண்டபத்து வாட்ச்மேன் ‘சமையல் வண்டியெல்லாம் பின்பக்கம்’ என்றார். இத்தனைக்கும் சீட்டில் குடும்பமே உட்கார்ந்திருந்தது.

வீல் மேல் தப்பில்லைதான். பசையை எடுப்பேன் என்றது, எடுத்தது. 2024 மே மாதம் சென்னையில் போக்குவரத்து போலீஸ் ‘பிரஸ்’, ‘போலீஸ்’ என்று ஒட்டிய தனியார் வண்டிகளுக்கு அபராதம் போட ஆரம்பித்தபோது, தெருவில் பாதிப் பேர் இரவல் வாங்கிப்போனது இதைத்தான். திரும்பி வந்தபோது பிஸ்கட் அளவுக்குத் தேய்ந்திருந்தது. நன்றி சொன்னவர்களைவிட, எழுத்தின் நிழல் தெரிகிறதே என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள்தான் அதிகம்.

அதனால் என் தீர்ப்பு, வாங்காதீர்கள். வெள்ளை வண்டி என்றால் நிழல் அவ்வளவாகத் தெரியாது, வாங்கலாம். சிவப்பு, மெரூன், நீலம் என்றால், அந்தக் காசை பெயின்டருக்குக் கொடுங்கள், இல்லையா, அதே இடத்தில் அதே அளவில் உங்கள் பெயரை ஒட்டிக்கொள்ளுங்கள். நான் இன்னொரு வீல் ஆர்டர் போட்டிருக்கிறேன். பின்கதவில் ரேடியத்தில் ஒட்டிய போன் நம்பர் இன்னும் பாக்கி.