பியர் டேப்புக்கு டிரிப் டிரே வாங்குகிறீர்களா? "304" என்று போட்டிருப்பதை அப்படியே நம்பாதீர்கள்

வீட்டில் பியர் டேப், அதாவது பியர் ஊற்றும் குழாய், வைத்திருப்பவர்களுக்கும் வைக்க நினைப்பவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. "304 ஃபுட் கிரேடு ஸ்டெயின்லெஸ், துருப்பிடிக்காது, கசியாது" என்று அடித்துச் சொல்லி ஆன்லைனில் 50, 60, 70 டாலருக்கு டிரிப் டிரே (டேப்பின் கீழே சொட்டுவதைப் பிடிக்கும் தட்டு) விற்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு கை வைக்காதீர்கள். நான் 64 டாலர் கொடுத்து வாங்கியது முதல் கெக் (பியர் பீப்பாய்) காலியாவதற்குள் துருப்பிடித்துவிட்டது. அதற்குப் பிறகு விற்பனையாளர் ஆடிய ஆட்டம் துருவைவிட மோசம். கடைசியில் 20 டாலருக்குள் நானே ஒன்று செய்துகொண்டேன், அதையும் கீழே சொல்கிறேன்.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், போர்ட்லண்டை ஒட்டிய ஹில்ஸ்பரோவில் இருக்கிறேன். சுற்றி, பியருக்குக் கசப்பும் வாசமும் தரும் ஹாப்ஸ் பூ விளையும் பூமி. அமெரிக்கக் கிராஃப்ட் பியருக்கு வாசம் கொடுத்த கேஸ்கேட் ஹாப்ஸ் இங்கே கொர்வாலிஸ் பக்கம் உருவாகி 1972-இல் வெளிவந்தது. அதனால் இந்த ஊரில் கராஜில் பியர் காய்ச்சுவது பெரிய விஷயமில்லை. "இது லீகலா?" என்று கேட்கும் நண்பர்களுக்காக: 1978-இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தால் அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குக் காய்ச்சலாம். இரண்டு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு வருஷத்துக்கு 200 கேலன் வரை வரி கிடையாது, விற்கத்தான் கூடாது. நம்ம ஊரில் இதைச் செய்தால் மதுவிலக்குச் சட்டத்தில் போலீஸ் வாசலில் நிற்கும்.

என்னிடம் இருப்பது ஒரு செஸ்ட் ஃப்ரீசர். மூடிக்கும் பெட்டிக்கும் நடுவில் மரச்சட்டம் அடித்து, அதில் இரண்டு டேப். உள்ளே 5 கேலன் கார்னி கெக், கூடவே கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர். டேப்பை மூடிய பிறகும் நாலைந்து சொட்டு விழும், புது கெக் மாட்டினால் முதலில் ஒரு கை நுரை வரும். அதைப் பிடிக்க ஒரு தட்டு இல்லையென்றால் தரை பிசுபிசுக்கும், பழ ஈ மொய்க்கும். அவ்வளவுதான் டிரிப் டிரேயின் வேலை. ஒரு தட்டு, அதன்மேல் டம்ளர் வைக்க ஒரு கம்பி வலை. ஆனால் "பியர்" என்ற சொல் சேர்ந்ததும் விலை மூன்று மடங்காகிவிடுகிறது.

வந்த பொருள் முதல் பார்வைக்குப் பளபளவென்றுதான் இருந்தது. தகடு கொஞ்சம் மெலிசு, ஓரம் கையைக் கீறியது. நாலு மூலையும் வெல்டிங் செய்து கிரைண்டரால் தேய்த்திருந்தார்கள். பின்பக்கம் ஒரு டிரெயின் குழாய். சுவரில் திருகி மாட்டி, பியர் ஊற்றத் தொடங்கியாயிற்று.

சீக்கிரமே இடது மூலையில், வெல்டிங் கோட்டை ஒட்டி, டீ சிந்திக் காய்ந்தது போல நிறத்தில் பொடிப் பொடியாகப் புள்ளிகள். நகத்தால் சுரண்டினால் வந்துவிட்டது. கழுவித் துடைத்து வைத்தால் மறுநாள் அதே இடத்தில் மறுபடியும். அப்புறம் வலையின் கம்பிகள் தட்டைத் தொடும் இடமெல்லாம் ஒரு பழுப்புக் கோடு. டிரெயின் குழாய் சேரும் இடத்தில் கசிவு வேறு. மரப்பலகையில் கறுப்பாக ஒரு தடம் இறங்கியிருந்தது.

பியர் லேசான அமிலம். பிஎச் 4, 4.5 என்ற அளவில்தான் இருக்கும். நல்ல 304-ஐ அது ஒன்றும் செய்யாது. பார்களில் அதே உலோகத்தில் செய்த தட்டுகள் வருஷக்கணக்கில் உழைக்கின்றன. ஆக, என் தட்டு 304 இல்லை, அல்லது வெல்டிங்கில் கோளாறு, அல்லது இரண்டும். படம் எடுத்து விற்பனையாளருக்கு அனுப்பினேன்.

முதல் பதில்: "நீங்கள் பிளீச் போட்டுக் கழுவியிருப்பீர்கள்." குளோரின் ஸ்டெயின்லெஸ்ஸை அரிக்கும் என்பது வாஸ்தவம்தான், ஆனால் பியர் காய்ச்சுகிற எவனும் பிளீச்சைக் கெக் பக்கம் கொண்டு போக மாட்டான். நான் பயன்படுத்துவது பாஸ்பாரிக் அமிலம் கலந்த சானிடைசர். அதன் பாட்டிலையும் படம் எடுத்து அனுப்பினேன்.

இரண்டாவது பதில்தான் முக்கியம். "காந்தம் வைத்து வீடியோ அனுப்புங்கள்." வைத்தேன், ஒட்டவில்லை. உடனே வந்தது: "பார்த்தீர்களா, காந்தம் ஒட்டவில்லை, ஆகவே இது 304. வழக்கு முடிந்தது."

எவர்சில்வர் கடையில் காந்தம் வைத்துப் பார்க்கும் வழக்கம் நம்மில் பலருக்கு உண்டு என்பதால் இந்தப் பதில் கேட்கச் சரியாகத்தான் படும். எனக்கு உறைத்தது கோயம்புத்தூரில் ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கும் மனைவியின் அண்ணனிடம் பேசியபோதுதான். வீடியோ காலில் அந்தத் தட்டைக் காட்டினேன். சிரித்துவிட்டார். "மாப்பிள்ளை, காந்தம் ஒட்டலைன்னா 304-ன்னு யாருங்க சொன்னது? 202-லயும் ஒட்டாதுங்க. இங்க பாத்திரக் கடையில ஏகப்பட்ட சாமான் அதுலதான் வருது."

விஷயம் இதுதான். 304-இல் குரோமியம் 18 சதவீதம் போல, நிக்கல் 8 சதவீதம் போல இருக்கும். 18/8 என்று பாத்திரங்களில் அடித்திருப்பது அதைத்தான். நிக்கல் விலை அதிகம். அதனால் 201, 202 போன்ற 200 வரிசை ஸ்டீல்களில் நிக்கலைப் பாதியாகக் குறைத்து, அந்த இடத்தில் மாங்கனீஸைச் சேர்த்துவிடுவார்கள். பார்வைக்கு அதே பளபளப்பு, காந்தமும் ஒட்டாது, ஆனால் துருவை எதிர்க்கும் சக்தி குறைவு. காந்தத்தில் பிடிபடுவது நிக்கலே இல்லாத 430 போன்றவை மட்டும்தான். இன்னொரு பக்கம், அசல் 304-ஐ அழுத்தி வளைத்த இடங்களில் லேசாகக் காந்தம் ஒட்டவும் செய்யும். ஆக, அந்த வீடியோவால் எதுவும் நிரூபணமாகாது. விற்பனையாளருக்கு அது தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை.

"ஒரு சொட்டு மருந்து வாங்கிப் பாருங்க" என்றார் மச்சான். மாங்கனீஸைக் காட்டிக்கொடுக்கும் சோதனைத் திரவம் சின்ன பாட்டிலில் கிடைக்கிறது. பழைய இரும்புக் கடைக்காரர்கள் பயன்படுத்துவது. தகட்டைச் சுத்தமாகத் துடைத்து ஒரு சொட்டு விட்டு, 9 வோல்ட் பேட்டரியைத் தொட வைக்க வேண்டும். என் தட்டில் விட்ட சொட்டு சில நொடிகளில் ரத்தச் சிவப்பானது. அதே பாட்டிலிலிருந்து கெக்கின் அடியில் ஒரு சொட்டு விட்டேன், சிவக்கவே இல்லை. இரண்டையும் ஒரே வீடியோவில் எடுத்து அனுப்பினேன்.

அதோடு காந்தப் பேச்சு நின்றது, பேரம் தொடங்கியது. பொருளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், 15 டாலர் தருகிறோம். வேண்டாமா, 25. திருப்பி அனுப்பித்தான் தீருவேன் என்றால், கடல் தாண்டி உள்ள ஒரு முகவரிக்கு என் செலவில் அனுப்ப வேண்டுமாம். விற்பனைப் பக்கத்தில் "அமெரிக்காவிலிருந்து அனுப்பப்படும்" என்று போட்டிருந்தது. அனுப்புவது மட்டும்தான் இங்கிருந்து போலிருக்கிறது. கடைசியாக, ஐந்து நட்சத்திரம் கொடுத்து நாலு வரி எழுதினால் 40 டாலர் கிஃப்ட் கார்டு.

அந்தப் பொருளுக்கு இருந்த நூற்றுக்கணக்கான ஐந்து நட்சத்திர விமர்சனங்களில் எத்தனை இப்படி வந்தவையோ. திரும்பப் போய் நிதானமாகப் படித்தேன். புகழ்ந்தவர்களில் பெரும்பாலோர் "பாக்கிங் பிரமாதம், மாட்டுவது சுலபம்" என்று எழுதியிருந்தார்கள். ஆறு மாதம் கழித்து எப்படி இருக்கிறது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. ஒரு நட்சத்திரம் கொடுத்தவர்களின் படங்களில் என் தட்டில் இருந்த அதே மூலை, அதே புள்ளிகள். டிரிப் டிரே வாங்கும்போது ஒரு நட்சத்திரப் படங்களை மட்டும் பாருங்கள், போதும். குறிப்பிட்ட விதமாக எழுத வேண்டும் என்ற நிபந்தனையோடு காசு கொடுத்து விமர்சனம் வாங்குவதை அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையமான எஃப்டிசி 2024 அக்டோபர் முதல் விதி போட்டே தடை செய்திருக்கிறது. அதைச் சொல்லி பதில் போட்டேன். அதன்பிறகு அவர்களிடமிருந்து சத்தமே இல்லை.

பணம் திரும்ப வந்தது கிரெடிட் கார்டு வழியாகத்தான். டெபிட் கார்டிலோ கிஃப்ட் பேலன்ஸிலோ வாங்கியிருந்தால் இன்னும் அலைந்துகொண்டிருப்பேன். சொன்ன பொருளுக்குப் பதில் வேறு பொருள் வந்தது என்று கார்டு நிறுவனத்தில் டிஸ்ப்யூட் போடலாம். அந்தத் தொகை முதலில் வந்த பில்லிலிருந்து 60 நாளுக்குள் எழுத்தில் போட்டுவிட வேண்டும். விற்பனையாளர் "ஒரு வாரம் பொறுங்கள், மேலதிகாரியிடம் கேட்கிறோம்" என்று இழுப்பதெல்லாம் அந்தக் கெடுவைத் தாண்டவைக்கத்தான். என் கையில் விற்பனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் இருந்தது, "304" என்ற வரியோடு. அதை வாங்கிய அன்றே எடுத்து வைப்பது நல்லது. ஏனென்றால் என் புகாருக்குப் பிறகு அந்தப் பக்கமே காணாமல் போய்விட்டது. இப்போது அதே படம், அதே கோணம், வேறு பிராண்டு பெயரில் 69 டாலருக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

சரி, மாற்று வழிக்கு வருவோம்.

இந்தியன் பஃபேயில் சாம்பாரும் பட்டர் சிக்கனும் வைத்திருப்பார்களே, அந்தச் செவ்வகப் பாத்திரம்தான். ஸ்டீம் டேபிள் பேன் அல்லது ஹோட்டல் பேன் என்று ரெஸ்டாரண்ட் சப்ளை கடையில் கிடைக்கும். பல அளவுகள் உண்டு. மூன்றில் ஒரு பங்கு அளவு என்று கேளுங்கள், சுமார் 12¾ அங்குல நீளம், 7 அங்குல அகலம் வரும். ஆழம் 2½ அங்குலம் போதும். ஒரே தகட்டை அழுத்தி எடுத்தது, மூலையில் வெல்டிங்கே கிடையாது. என் பழைய தட்டு செத்ததே அந்த மூலையில்தான். விலை 9 டாலர். ஆனால் இங்கேயும் விலை மலிவான பேன்கள் பல 200 வரிசையில்தான் வருகின்றன, அதனால் 18/8 என்று தெளிவாகப் போட்டிருப்பதை எடுங்கள். கூடுதலாக ஒன்றிரண்டு டாலர்தான் ஆகும்.

ஸ்டீலே வேண்டாம் என்றால் அதே அளவில் பிளாஸ்டிக் பேனும் உண்டு. அதில் கண்ணாடி மாதிரி இருக்கும் பாலிகார்பனேட்டைத் தவிர்த்து, பால் வெள்ளையாக இருக்கும் பாலிபுரோப்பிலீனை வாங்குங்கள். கெக்கிலிருந்து டேப்புக்கு வரும் குழாயை (பியர் லைன்) கழுவும் காஸ்டிக் கலவை பாலிகார்பனேட்டில் விரிசல் விடவைக்கும்.

மேலே வைக்கும் கம்பி வலையும் அங்கேயே, அதே பேனுக்குள் உட்காரும்படி கால் வைத்து விற்கிறார்கள், 4, 5 டாலர். குரோம் பூச்சு போட்டதை எடுக்காதீர்கள். பூச்சு உரிந்தால் அடியில் சாதா இரும்புதான், பழைய கதை திரும்பத் தொடங்கும். ஸ்டெயின்லெஸ் வலையே வாங்குங்கள்.

மாட்டுவதற்கு இரண்டு எல் பிராக்கெட். பேனின் விளிம்பு வெளிப்பக்கம் மடிந்திருக்கும், இரண்டு முனையிலும் அந்த மடிப்பு பிராக்கெட் மேல் உட்காரும்படி இடைவெளி வைத்தால் திருகே வேண்டாம், கழுவ வேண்டுமென்றால் தூக்கிச் சிங்க்கில் போடலாம். செஸ்ட் ஃப்ரீசரின் பக்கச் சுவரில் மட்டும் தயவுசெய்து துளை போடாதீர்கள். குளிரூட்டும் வாயு ஓடும் குழாய்கள் அந்தத் தகட்டுக்குப் பின்னால்தான் இருக்கின்றன, ஒரு ஸ்குரூ பட்டால் ஃப்ரீசர் காலி. டேப் மாட்டியிருக்கும் மரச்சட்டத்தில் ஒரு பலகையைத் திருகிக் கீழே தொங்கவிட்டு, அந்தப் பலகையில் பிராக்கெட்டை அடியுங்கள். டேப் நுனிக்கும் வலைக்கும் நடுவில் எட்டு ஒன்பது அங்குலம் விட்டால்தான் பைண்ட் டம்ளரைச் சாய்த்துப் பிடிக்க முடியும்.

டிரெயின் குழாய் உள்ள தட்டு எதையும் கேட்காதீர்கள். வீட்டில் இரண்டு டேப்பில் சொட்டுவது ஒரு வாரத்துக்கு ஒரு டம்ளர்கூடத் தேறாது. குழாய் வைத்தால் அதற்குள் பியர் காய்ந்து பழ ஈ முட்டையிடும், சேரும் இடத்தில் கசியும். அதற்குப் பதில் பேனுக்குள் அடிப்பக்கம் ஒரு பழைய காட்டன் துணியை மடித்துப் போடுகிறேன். சொட்டு தெறிக்காது, பார்ட்டி முடிந்ததும் துணியை எடுத்துப் பிழிந்து வாஷரில் போட்டுவிடலாம்.