‘மேட் ஆஃப்’ போடவா, ‘மேட் ஃப்ரம்’ போடவா?

நெல்லை ஜங்ஷனில் அல்வா வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பும்போது பெட்டியின் மேல் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுத உட்கார்ந்தால், ஒரு சின்னச் சொல்லில் கை நின்றுவிடும். கோதுமையில் செய்தது என்பதற்கு ‘மேட் ஆஃப் வீட்’ சரியா, ‘மேட் ஃப்ரம் வீட்’ சரியா, ‘மேட் வித்’ என்று போடலாமா, ‘மேட் பை’ என்று போடலாமா? ‘மேட்’ என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. கோ, வென்ட், கான் என்று பள்ளியில் ஒப்பித்தோமே, அந்த வரிசையின் மூன்றாம் வடிவம் எல்லோருக்கும் மனப்பாடம். அதன் பின்னால் வரும் ப்ரிபொசிஷன்தான் தகராறு. அதற்கு ஒரு நீளப் பட்டியலைக் கொடுத்துப் படி என்கிறார்கள். பட்டியல் பரீட்சை வரைக்கும்தான் நிற்கும். ஒன்றுக்கு எதிரே இன்னொன்றை வைத்துப் பார்த்தால் ஆயுசுக்கும் நிற்கும்.

குழப்பத்தின் வேர் நம் ‘ஆல்’ உருபில் இருக்கிறது. மூன்றாம் வேற்றுமைக்குக் கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி என்று மூன்று பொருள் சொல்லி, கருவியையும் முதற்கருவி, துணைக்கருவி என்று பிரித்துத் தமிழ் ஐயா நடத்தியிருப்பார். மண்ணால் செய்த குடம் என்றால் மண் முதற்கருவி. சக்கரத்தால் செய்த குடம் என்றால் சக்கரம் துணைக்கருவி. குயவனால் செய்யப்பட்ட குடம் என்றால் குயவன் கருத்தா. நமக்கு மூன்றுக்கும் ஒரே ‘ஆல்’ போதும். ஆங்கிலத்துக்குப் போதாது. மண்ணுக்கு ‘ஆஃப்’, சக்கரத்துக்கு ‘வித்’ அல்லது ‘ஆன்’, குயவனுக்கு ‘பை’. ஆக ‘மேட் பை வீட்’ என்று எழுதினால் கோதுமையே எழுந்து வந்து அல்வா கிண்டியதாக ஆகிவிடும். தமிழ் இலக்கணம் ஒழுங்காகப் படித்த பிள்ளைக்கு இந்தப் பாகுபாடு ஏற்கெனவே தெரியும். ஆங்கில வகுப்பில் அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

இனி முதற்கருவிக்குள்ளேயே இருக்கும் போட்டி. பித்தளைக் குடத்தைப் பார்த்தால் பித்தளை கண்ணுக்குத் தெரிகிறது. அதற்கு ‘மேட் ஆஃப் பிராஸ்’. அல்வாவைப் பாருங்கள். சம்பா கோதுமையை ஊறவைத்து, ஆட்டி, பால் பிழிந்து, சர்க்கரைப் பாகில் ஊற்றி, நெய் விட்டு விட்டுக் கிண்டுகிறார்கள். வழவழவென்று இலையில் விழுவதில் கோதுமையைத் தேடினாலும் காண முடியாது. மூலப்பொருள் இப்படி உருமாறிப் போனால் ‘மேட் ஃப்ரம்’. பதநீரிலிருந்து வரும் கருப்பட்டிக்கும் அதே ‘ஃப்ரம்’தான். நெய் மட்டும் தனி. அது அல்வாவின் ஒரே மூலப்பொருள் இல்லை, சேர்மானங்களில் ஒன்று. ஆகவே ‘மேட் வித் கீ’. பெட்டியின் மேல் என்னைக் கேட்டால் ‘மேட் ஃப்ரம் வீட்’ என்று ஒரு வரி, ‘மேட் வித் கீ’ என்று ஒரு வரி. கோதுமையும் சேர்மானம்தானே என்று ‘மேட் வித் வீட்’ போட்டாலும் பிழையாகாது. ஆனால் எதிலிருந்து வந்தது என்ற சேதி அதில் மங்கிவிடுகிறது.

இந்த விதியைச் சட்டமாகப் பிடித்துக்கொள்ளவும் கூடாது. பத்தமடைப் பாயில் கோரை அப்படியே தெரிகிறது, அதனால் ‘மேட் ஆஃப்’ பொருந்தும். ஆனால் வினை ‘நெய்த’ என்று மாறியதும் ‘வோவன் ஃப்ரம்’ என்பதே இயல்பாக வருகிறது. கோரை கொஞ்சமும் உருமாறவில்லை, ஆனாலும் ‘ஃப்ரம்’. காரணம், நெய்தல் என்ற வினை இங்கே கோரையில் தொடங்கிப் பாயில் போய் முடிகிறது. ‘மேட்’, ‘வோவன்’ போன்ற அந்த மூன்றாம் வடிவத்துக்குப் பார்டிசிபிள் என்று பெயர்; அது மாறினால் அதன் ஜோடியும் மாறலாம். பழைய சேலையில் தைத்த பைக்கு ‘மேட் அவுட் ஆஃப்’ எடுப்பாக இருக்கும்: ஒன்றாக இருந்ததை வேறொன்றாக ஆக்கியது என்ற தொனி அதில் உண்டு.

கருத்தாவுக்குள்ளும் நம் இலக்கணம் ஒரு கோடு போடுகிறது. தச்சனால் கட்டப்பட்ட கோயில் என்றால் இயற்றுதற் கருத்தா, அரசனால் கட்டப்பட்ட கோயில் என்றால் ஏவுதற் கருத்தா. ஆங்கில ‘பில்ட் பை’ இரண்டையும் தாங்கும். ஆனால் தாமிரபரணியின் குறுக்கே நெல்லையையும் பாளையங்கோட்டையையும் இணைத்து 1843இல் திறந்த பாலத்தைப் பற்றி எழுதும்போது எனக்கு ‘பில்ட் பை சுலோசன முதலியார்’ போதுமானதாகத் தோன்றுவதில்லை. அவர் செய்த பெரிய காரியம் பணம் கொடுத்தது. அதைச் சொல்ல ‘பெய்ட் ஃபார் பை’ என்று இருக்கிறது. ‘ஃபார்’, ‘பை’ என்று இரண்டு ப்ரிபொசிஷன் ஒட்டி நிற்பதைப் பார்த்ததும் பிள்ளைகள் பயந்து ஒன்றை வெட்டிவிடுகிறார்கள். வெட்டக் கூடாது. ‘ஃபார்’ வினையோடு சேர்ந்தது, ‘பை’ செய்தவரைக் காட்டுவது. ‘பெய்ட் பை’ என்று மட்டும் விட்டால் பணத்தைக் கொடுத்தார் என்றோ, பாலத்துக்கே சம்பளம் கொடுத்தார் என்றோ பொருள் வழுக்கும். பாலத்துக்கு அவர் பெயர் வைத்ததைச் சொல்ல ‘நேம்ட் ஆஃப்டர்’. அமெரிக்கர்கள் ‘நேம்ட் ஃபார்’ என்றும் எழுதுவார்கள், இரண்டும் சரி. ‘நேம்ட் பை’ என்றால் பெயரை வைத்தவர் அவர் என்று ஆகிவிடும்.

அடுத்த போட்டிதான் மிகப் பெரியது: ‘பை’க்கும் மற்றதற்கும். “சார், ஐ ஆம் இன்ட்ரஸ்டட் பை மேத்ஸ்னு எழுதினா ஏன் வெட்டுறாங்க?” என்று ஒரு மாணவி கேட்டாள். செயப்பாட்டு வினைக்கு ‘பை’ போடச் சொல்லித் தந்தது நாம்தானே, அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அவளுக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். முன்னால் ‘வெரி’ போட்டுப் பார்க்க வேண்டும். ‘வெரி இன்ட்ரஸ்டட்’ என்று சொல்ல முடிகிறது. ‘வெரி பில்ட்’ என்று சொல்ல முடியாது. ‘வெரி’யை ஏற்றுக்கொண்டால் அது பெரும்பாலும் வினைத்தன்மை குறைந்து பண்பாக, நிலையாக மாறிவிட்ட சொல். நிலைக்கு அதனதன் ஜோடி உண்டு: ‘இன்ட்ரஸ்டட் இன்’, ‘டயர்ட் ஆஃப்’, ‘வொரிட் அபவுட்’. நிகழ்ச்சிக்குத்தான் ‘பை’. ‘சர்ப்ரைஸ்ட்’ போன்றவை இரண்டு பக்கமும் நிற்கும். ‘சர்ப்ரைஸ்ட் அட்’ என்றால் மனநிலை முன்னால் வருகிறது, ‘சர்ப்ரைஸ்ட் பை’ என்றால் வியக்க வைத்த விஷயம் முன்னால் வருகிறது. ‘டயர்ட் ஆஃப் வாக்கிங்’ என்றால் நடந்து நடந்து சலித்துவிட்டது. ‘டயர்ட் ஃப்ரம் வாக்கிங்’ என்றால் கால் ஓய்ந்துவிட்டது. போரடித்துப் போனதைச் சொல்லும் ‘போர்ட் வித்’, ‘போர்ட் பை’ இரண்டும் எங்கும் செல்லும். ‘போர்ட் ஆஃப்’ பேச்சில் பெருகிவிட்டது, ஆனால் விண்ணப்பக் கடிதத்தில் வேண்டாம்.

‘நோன்’ என்ற ஒன்றுக்கே நாலு வழி. பாளையங்கோட்டை கல்லூரிகளுக்காக அறியப்படுவது ‘நோன் ஃபார்’. தென்னிந்தியாவின் ஆக்ஸ்ஃபோர்டு என்று அழைக்கப்படுவது ‘நோன் அஸ்’. ஊரில் எல்லோருக்கும் தெரிந்தவர் ‘நோன் டு’. இன்ன பெயரால் அறியப்படுவது ‘நோன் பை’. இதில் நாம் சறுக்குவது மூன்றாவதில்தான். எல்லோராலும் அறியப்பட்டவர் என்று மனதுக்குள் தமிழில் ஓடுவதால் ‘பை’ வந்து விழுகிறது.

கல்யாண விஷயத்தில் தவறினால் பொருளே கெட்டுவிடும். அவனோடு கல்யாணம் ஆயிற்று என்ற நினைப்பில் ‘மேரிட் வித்’ எழுதுகிறோம். வேண்டியது ‘மேரிட் டு’. ‘மேரிட் வித் டூ சில்ட்ரன்’ என்று ஆங்கிலத்தில் உண்டு. கல்யாணமாகி இரண்டு குழந்தைகளும் இருக்கிறார்கள் என்று அதற்குப் பொருள். ‘மேரிட் பை’ என்றால் பெரும்பாலும் கல்யாணத்தை நடத்திவைத்த பாதிரியாரைக் காட்டும்.

‘கன்சிஸ்ட்’ பற்றி ஒரு வரி போதும்: ‘கன்சிஸ்ட்ஸ் ஆஃப்’ சரி, ‘இஸ் கன்சிஸ்டட் ஆஃப்’ எங்கும் கிடையாது. ‘கம்ப்ரைஸ்ட் ஆஃப்’ பலர் எழுதுவது, ஆனால் திருத்துகிறவர்கள் பலர் கோடு போடுவார்கள். ‘கம்போஸ்ட் ஆஃப்’ என்றால் யாரும் தொடமாட்டார்கள்.

எந்த ப்ரிபொசிஷன் என்று முடிவானதும் அடுத்து எந்த இடம் என்ற கேள்வி. தமிழில் பெயரெச்சம் தன் மொத்தக் குடும்பத்தோடும் பெயருக்கு முன்னால் வரும்: கோதுமையிலிருந்து செய்த அல்வா. ஆங்கிலத்தில் பார்டிசிபிள் தனியாக இருந்தால் முன்னால் நிற்கலாம். ப்ரிபொசிஷனை இழுத்துக்கொண்டு வந்தால் பின்னால் போக வேண்டும். ‘ஃப்ரைட் ஃபிஷ்’ முன்னால். ‘ஃபிஷ் ஃப்ரைட் இன் கோகனட் ஆயில்’ பின்னால்.

வாக்கியத்தின் தலையில் வைப்பதும் ஒரு வழி, கோயில் குறிப்பிலும் தலைவர்கள் வரலாற்றிலும் எல்லோருக்கும் பிடித்த வழி. அங்கே ஒரு நிபந்தனை உண்டு: காற்புள்ளிக்குப் பிறகு வரும் எழுவாய்தான் அந்தப் பார்டிசிபிளுக்கு உரியது. பாரதியை எடுத்துக்கொள்வோம். அவர் 1882இல், அன்றைக்குத் திருநெல்வேலி ஜில்லாவில் இருந்த எட்டயபுரத்தில் பிறந்தார். ஊருக்கும் ஆண்டுக்கும் ‘பார்ன் இன்’, பெற்றோரான சின்னசாமி ஐயருக்கும் லட்சுமி அம்மாளுக்கும் ‘பார்ன் டு’. ‘பார்ன் இன் எட்டயபுரம் இன் 1882’ என்று தொடங்கி, காற்புள்ளி வைத்து, ‘ஹிஸ் போயம்ஸ்’ என்று தொடர்ந்தால் அவருடைய பாட்டுகள் 1882இல் எட்டயபுரத்தில் பிறந்ததாக ஆகிவிடும். பள்ளி ஆண்டு மலர்களில் இந்தப் பிழை ஓயாமல் வருகிறது. திருத்த இரண்டு வழி. காற்புள்ளிக்குப் பின், பாரதி எழுதினார் என்ற பொருளில் ‘பாரதி ரோட்’ என்று அவரையே எழுவாயாக்கலாம். அல்லது பிறப்பைத் தனி வாக்கியமாக்கி, ‘ஹி வாஸ் பார்ன்’ என்று முடித்துவிட்டுப் பாட்டுகளுக்குப் போகலாம். ஆண்டு, ஊர், பெற்றோர் மூன்றையும் சொல்ல வேண்டியிருந்தால் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். மூன்று ப்ரிபொசிஷனைத் தலையில் ஏற்றிக்கொண்டு ஒரு வாக்கியம் எழுவாய்க்கு வந்து சேர்வதற்குள் படிப்பவருக்கு மூச்சு வாங்கும்.