எக்ஸாஸ்ட் புளோயருக்கு ரெடிமேட் ஸ்டார்டர் பெட்டி: வாங்கலாம், அப்படியே மாட்டக் கூடாது

ஓட்டல் சமையலறைக்கு ஹூடு, டக்ட், மொட்டை மாடியில் புளோயர் எல்லாம் போட்டு முடித்தபிறகுதான் பலருக்கும் அதை ஓட்டும் பெட்டியின் ஞாபகம் வரும். அந்த அவசரத்துக்குத் தோதாக எலெக்ட்ரிக்கல் கடைகளில் கட்டித் தயாராக வைத்திருக்கும் கன்ட்ரோல் பெட்டி கிடைக்கிறது. மேலே '3–5 எச்.பி. எக்ஸாஸ்ட்' என்று ஸ்டிக்கர் இருக்கும், கட்டிய பட்டறையின் பெயர் பெரும்பாலும் இருக்காது. உள்ளே மூன்று ஃபேஸையும் சேர்த்து வெட்டும் எம்.சி.பி. (ஷார்ட் ஆனால் விழும் ஸ்விட்ச்), மோட்டாருக்கு மின்சாரத்தைக் கொடுத்து வெட்டும் கான்டாக்டர், மோட்டார் அளவுக்கு மீறி இழுத்தால் நிறுத்தும் ஓவர்லோடு ரிலே, பச்சை சிவப்பு பட்டன்கள், இண்டிகேட்டர் விளக்குகள். பெல்ட்டில் ஓடும் 3 எச்.பி. சென்ட்ரிஃபியூகல் புளோயருக்கு இந்தப் பெட்டி எவ்வளவு பொருந்தும் என்பதுதான் இங்கே பார்ப்பது.

கான்டாக்டரில் குறை இல்லை. ஏசி-3 என்கிற மோட்டாருக்கான தரத்தில் 9 ஆம்பியர் இருந்தாலே 5 எச்.பி. வரை தாங்கும், 3 எச்.பி.க்கு அது தாராளம். எந்தக் கம்பெனி என்று கடையில் கேட்டால் 'எல் அண்ட் டி' என்பார்கள். அந்த ஸ்விட்ச்கியர் பிரிவு 2020இல் ஷ்னைடர் கைக்குப் போய், 2024இல் லாரிட்ஸ் நட்சன் என்று பெயரும் மாறிவிட்டது. ஆகவே புதுப் பெயரைப் பார்த்து டூப்ளிகேட் என்று பயப்பட வேண்டாம். பழைய பெயரில் புத்தம்புது சரக்கு என்று நீட்டினால் மட்டும் இரண்டு தடவை பாருங்கள்.

கோளாறு ஆரம்பிக்கும் இடம் ஓவர்லோடு ரிலே. ஒரே பெட்டியை 3 எச்.பி.க்கும் 5 எச்.பி.க்கும் விற்க வேண்டும் என்பதால் 6–10 ஆம்பியர் ரிலேயை வைத்துவிடுகிறார்கள். 415 வோல்ட்டில் 3 எச்.பி. மோட்டார் முழு லோடில் எடுப்பது ஏறக்குறைய 4.8 ஆம்பியர். ரிலேயை அடிமட்டத்துக்குத் திருகினாலும் அது 6 ஆம்பியரில்தான் நிற்கும். அதாவது மோட்டார் கால்வாசி கூடுதலாக இழுத்து அதன் வைண்டிங் வெந்துகொண்டிருந்தாலும் ரிலே சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். 4.8 நடுவில் விழுகிற மாதிரி, 4–6 ஆம்பியர் அல்லது அதை ஒட்டிய ரேஞ்ச் உள்ள ரிலேயைக் கேட்டு மாற்றி வாங்குங்கள். டயலை மோட்டாரின் பெயர்ப்பலகையில் உள்ள ஆம்பியருக்கு வையுங்கள். 'கொஞ்சம் கூட்டி வை, அடிக்கடி ட்ரிப் ஆகாது' என்கிற யோசனையைக் கேட்டால் மோட்டாரை ரீவைண்டிங் கடைக்கு அனுப்ப வேண்டியதுதான்.

சரியான ரிலேயை வைத்தபிறகும் ஸ்டார்ட் பண்ணும்போதே ட்ரிப் ஆனால், பார்க்க வேண்டியது டிரிப் கிளாஸ், அதாவது ரிலே எவ்வளவு நேரம் பொறுத்து விழும் என்கிற வகை. புளோயரின் சக்கரம் கனம். முழு வேகம் பிடிக்க நேரமாகும். செட்டிங்கைப் போல 7.2 மடங்கு கரண்டில் கிளாஸ் 10 ரிலே 4 முதல் 10 வினாடிக்குள் விழுந்துவிடும், கிளாஸ் 20 என்றால் 6 முதல் 20 வினாடி வரை பொறுக்கும். டக்ட்டில் காற்றைத் தடுக்கும் தகடான டேம்பரைப் பாதி மூடி ஸ்டார்ட் செய்து பாருங்கள். அப்போது பிடித்துக்கொண்டால் மோட்டாரில் குறை இல்லை, கிளாஸ் 20 ரிலே போட்டால் போதும். பெல்ட் அளவுக்கு மீறி இறுக்கமா, பேரிங் கையால் சுற்றினால் சுழல்கிறதா என்பதையும் அதே நேரத்தில் பார்த்துவிடலாம்.

இன்னொரு விஷயம், பலர் தலைகீழாகப் புரிந்துவைத்திருப்பது. முன்வளைவு பிளேடு (சுற்றும் திசைப் பக்கம் வளைந்த பிளேடு) உள்ள புளோயரில், ஹூடு ஃபில்டர்களைக் கழற்றிவிட்டு ஓட்டினால் கரண்ட் குறையாது, ஏறும். தடை குறைய, காற்று அதிகம் போக, மோட்டார் அதிகம் இழுக்கும். ஃபில்டர் கழுவும் நேரத்தில் மட்டும் ட்ரிப் ஆகிறது என்றால் காரணம் இதுதான். ஆம்ப்மீட்டர் வழக்கத்தைவிட இறங்கினால் ஃபில்டரில் கொழுப்பு அடைத்திருக்கிறது என்று அர்த்தம். பெட்டியில் ஆம்ப்மீட்டர் கிடையாது. கதவில் ஒன்று வைத்துத் தரச் சொல்லுங்கள், பிரயோஜனப்படும்.

கன்ட்ரோல் வயரிங்கில் ஒரு சோம்பேறித்தனம் தெரிகிறது. கான்டாக்டரை இழுத்துப் பிடிக்கும் காயில் 230 வோல்ட். ஆர், ஒய், பி என்ற மூன்று ஃபேஸ்களில் ஆர் ஃபேஸில் இருந்து சிவப்பு பட்டன், பச்சை பட்டன், அதற்கு இணையாக 13–14 ஹோல்டிங் (பட்டனை விட்டபிறகும் காயிலைப் பிடித்துவைக்கும் கான்டாக்ட்), பிறகு காயிலின் ஒரு முனையான ஏ1 என்பது சரியாகவே வருகிறது. ஆனால் ட்ரிப் ஆனால் திறக்கும், ஓவர்லோடு ரிலேயின் 95–96 கான்டாக்ட்டைக் காயிலின் மறுமுனையான ஏ2வுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் போட்டிருக்கிறார்கள். ஏ2 வயர் எங்காவது தோல் உரிந்து பெட்டியின் உடம்பைத் தொட்டால், காயில் எர்த் வழியாகவே வேலை செய்யும். ரிலே ட்ரிப் ஆனாலும் கான்டாக்டர் விடாது. 95–96ஐ ஃபேஸ் பக்கத்தில், சிவப்பு பட்டனுக்கு முன்னால் கொண்டுவந்து, ஏ2வை நேராக நியூட்ரலுக்குக் கொடுத்தால் இந்த வம்பே இல்லை. கையோடு கன்ட்ரோல் லைனுக்கு 2 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றும் போட்டுவிடுங்கள்.

இதைவிடப் பெரிய குறை, ஃபேஸ் பார்க்கிற ரிலே இல்லாதது. ஆர் ஃபேஸ் போனால் பெரும்பாலும் காயில் விட்டுவிடும், மோட்டார் தப்பும். ஒய் அல்லது பி போனால் கான்டாக்டர் பிடித்துக்கொண்டே இருக்கும். மோட்டார் இரண்டு ஃபேஸில் முனகிக்கொண்டு ஓடும். ஜெனரேட்டர் உள்ள ஓட்டல்களில் இன்னொரு தலைவலி உண்டு. சேஞ்ச்ஓவரில் ஜெனரேட்டரின் இரண்டு ஃபேஸ் இடம் மாறியிருந்தால், கரண்ட் போகும்போதெல்லாம் புளோயர் தலைகீழாகச் சுற்றும். சென்ட்ரிஃபியூகல் புளோயர் தலைகீழாகச் சுற்றினாலும் காற்றை அதே திசையில்தான் தள்ளும், அளவுதான் வெகுவாகக் குறையும். அதனால் யாரும் கண்டுபிடிப்பதில்லை. 'கரண்ட் போனால் மட்டும் புகை தேங்குகிறது' என்று சமையல்காரர் சொன்னால் மாடிக்குப் போய், புளோயர் உடம்பில் உள்ள அம்புக்குறியையும் புல்லி சுற்றும் திசையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஃபேஸ் இழப்பு, ஃபேஸ் வரிசை இரண்டையும் கவனிக்கும் ரிலே சின்ன சாமான்தான். அதன் மூன்று வயர்களைக் கான்டாக்டரின் உள்வரும் பக்கத்தில் கொடுத்து, ஹெல்தியாக இருக்கும்போது மூடும் கான்டாக்ட்டைக் கன்ட்ரோல் லைனில் தொடராகப் போட வேண்டும். கான்டாக்டருக்கு அப்பால், மோட்டார் கேபிளில் ஒரு வயர் அறுந்தால் இந்த ரிலேக்குத் தெரியாது. அதற்குத்தான் ஃபேஸ் இழப்பை உணரும் வகை ஓவர்லோடு ரிலே வேண்டும் என்பது.

எம்.சி.பி. பாதகமில்லை. சி வகை 10 ஆம்பியர் என்றால் 50 முதல் 100 ஆம்பியருக்குள்தான் சட்டென்று விழும். இந்த மோட்டாரின் ஸ்டார்டிங் கரண்ட் 30 ஆம்பியரை ஒட்டித்தான் வரும். பவர் வயர் 2.5 சதுர மி.மீ. காப்பர், சரி. ஆனால் வயர் நுனிகளில் லக் (அழுத்தி மாட்டும் உலோக முனை) இல்லை, இழைகளை முறுக்கி அப்படியே திருகியிருக்கிறார்கள். புளோயரின் அதிர்வு சுவரில் இறங்குகிற இடத்தில் அந்த முனைகள் தளரும், சூடாகும், ரிலே காரணமில்லாமல் ட்ரிப் ஆகும். மாட்டும் முன் எல்லா நுனிக்கும் லக் அடித்து இறுக்குங்கள். எர்த் போல்ட் ஒன்றுதான் வைத்திருக்கிறார்கள். மூன்று ஃபேஸ் மோட்டாரின் உடம்புக்கு இரண்டு தனி எர்த் வேண்டும், பெட்டியிலும் அதற்கு இடம் வேண்டும்.

பெட்டியின் தகடும் கதவு ரப்பரும் நன்று. தூசிக்கும் நீருக்கும் காப்பு உண்டு என்கிற ஐபி 55 தரத்தை எழுதிவிட்டு மேல்பக்கத்தில் கேபிள் துளை போட்டிருப்பதுதான் வேடிக்கை. எண்ணெய்ப் புகை படிகிற இடத்தில் மேலே துளை என்றால், கொழுப்பு நேராகக் கான்டாக்டரின் காந்த முகத்தில் வந்து உட்காரும். கிர்ரென்று இரைச்சல் ஆரம்பிக்கும். மேல் துளைகளை அடைத்துவிட்டு, கீழிருந்து, கேபிளை இறுக்கிப் பிடிக்கும் கிளாண்டு வழியாகக் கேபிளை ஏற்றுங்கள். அடுப்புக்கு மேலேயோ ஹூடை ஒட்டியோ பெட்டியை வைக்க வேண்டாம்.

ஃப்ரெஷ் ஏர் ஃபேனும் உண்டு என்றால், கான்டாக்டர் தலையில் மாட்டும் உதிரி கான்டாக்ட் பிளாக் ஒன்று கூடுதலாகக் கேளுங்கள். அதன் வழியாக ஃப்ரெஷ் ஏர் காயிலைக் கொடுத்தால் எக்ஸாஸ்ட் ஓடாமல் அது ஓடாது. கேஸ் சோலினாய்டு வால்வையும் இதே முறையில் கட்டலாம். பட்டனுக்குப் பதில் ரோட்டரி ஸ்விட்ச் வைத்த மாடலும் விற்கிறது. அதை எடுக்க வேண்டாம். கரண்ட் திரும்பி வந்ததும் புளோயர் தானாகக் கிளம்பும், அந்த நேரம் யாராவது மேலே பெல்ட்டில் கை வைத்திருப்பார்கள்.

மெது நேரத்தில் வேகத்தைக் குறைத்து மின்சாரம் மிச்சப்படுத்த நினைப்பவர்களுக்கு இந்தப் பெட்டி சரிப்படாது, மோட்டாரின் வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி. டிரைவ்தான் வேண்டும். புளோயரில் வேகத்தை 80 சதவீதமாக்கினால் மின்தேவை பாதிக்குப் பக்கத்தில் வந்துவிடும். டிரைவ் வைத்தால் இந்தக் கான்டாக்டரை அதற்கும் மோட்டாருக்கும் நடுவில் போட்டு ஆன், ஆஃப் பண்ணாதீர்கள். ஓடும்போது திறந்தால் டிரைவ் அடிவாங்கும். ஆன், ஆஃப் இரண்டையும் டிரைவின் கன்ட்ரோல் டெர்மினலிலேயே கொடுங்கள்.