“எல்லாம் சேர்ந்திருக்கு அக்கா” என்று சொல்லிக் காசு வாங்கினார், கப்பலில் அம்மாவுக்கு மூச்சு முட்டியபோது ஒன்றுமே இல்லை – 1,482 வெள்ளி போனது

நேற்று மத்தியானம் மூன்றரை மணிக்கு அந்தப் பயண முகவர் கடையிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு வரி வந்தது. “காப்புறுதின்னு நான் சொல்லவே இல்லையே அக்கா.” அவ்வளவுதான். அதைப் படித்ததிலிருந்து வயிறு எரிகிறது, ராத்திரி தூக்கமும் இல்லை, காலையில் எழுந்ததும் முதல் வேலையாக இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். எங்கள் வீட்டுக்கு மொத்தம் 1,482 சிங்கப்பூர் வெள்ளி நட்டம். டிசம்பர் பள்ளி விடுமுறைக்கு உல்லாசக் கப்பல் பதிவு செய்யப் போகிறவர்கள், அதிலும் வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள், தயவுசெய்து முழுவதும் படியுங்கள். என்னென்ன செய்ய வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

கடையின் பெயரைப் போடவில்லை. புகார் கொடுக்கப் போகிறோம், அதுவரை பெயர் வேண்டாம் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். கடைத்தொகுதி மாடியில் இரண்டு மேசையும் சுவர் நிறையச் சுற்றுலாப் படங்களுமாக இருக்கும் சின்ன முகவர் கடை, நம்மவர் நடத்துவது, அவ்வளவு போதும்.

இந்தப் பயணமே அம்மாவுக்காகத்தான். அம்மாவுக்கு 71 வயது. பத்து வயதில் நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பலில் தாத்தாவோடு வந்து இங்கே இறங்கியவர். மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்தது, தலைசுற்றலுக்கு எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்தது எல்லாம் இன்னும் அப்படியே சொல்வார். அதற்கப்புறம் கப்பலே ஏறியதில்லை. சாவதற்குள் இன்னொரு தடவை கடலுக்கு நடுவில் நின்று பார்க்கணும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஜூன் விடுமுறைக்கு நான்கு இரவு, பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் கப்பல். அம்மா, நாங்கள் இரண்டு பேர், ஒன்பது வயது மகன்.

நாங்கள் ஒன்றும் கேட்காமல் காசைக் கட்டிவிட்டு வரவில்லை. இதைத்தான் எல்லோரும் கவனிக்கணும். பதிவு செய்யப் போவதற்கு முதல் நாளே வீட்டில் பேசினோம். 2020-இல் யோக்கோஹாமாவில் நிறுத்தி வைத்திருந்த டைமண்ட் பிரின்சஸ் கப்பலில் 3,711 பேரில் 712 பேருக்குக் கோவிட் வந்ததை என் கணவர் ஞாபகப்படுத்தினார். இப்போது அந்தக் காலம் இல்லை, சரி. ஆனாலும் ஒரே உணவுக்கூடம், ஒரே லிஃப்ட், ஒரே படிக்கட்டுக் கைப்பிடி என்று ஆயிரக்கணக்கான பேர் புழங்கும் இடத்தில் ஒருவர் இருமினால் பத்துப் பேருக்கு ஒட்டும். அம்மாவுக்கு ஆஸ்துமா வேறு. அதனால் கடையில் உட்கார்ந்ததும் நான் கேட்ட முதல் கேள்வியே இதுதான்: கப்பலில் சளி, இருமல், காய்ச்சல் என்று வந்து டாக்டரைப் பார்த்தால் அந்தச் செலவை யார் கொடுப்பது?

அந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? முதலில் அம்மாவைப் பார்த்து “சாப்பிட்டீங்களாம்மா?” என்றார். சொந்த ஊர் எது என்று கேட்டார். மகன் கையில் ஒரு மிட்டாயைக் கொடுத்தார். அப்புறம் ஒரு தாளை எங்கள் பக்கம் திருப்பி வைத்து, பச்சைப் பேனாவால் எங்கள் நான்கு பேர் பெயருக்கும் பக்கத்தில் ஒவ்வொன்றாக டிக் போட்டார். மேலே ‘பயணப் பாதுகாப்புத் திட்டம்’ என்று பெரிய எழுத்தில் இருந்தது. ஆளுக்கு 49 வெள்ளி. “அக்கா, இதுல மெடிக்கல் எல்லாம் சேர்ந்திருக்கு. எங்க அம்மாவுக்கும் ஆஸ்துமாதான், நானே இதப் போட்டுத்தான் அனுப்புனேன். தனியா காப்புறுதி வாங்குனீங்கன்னா ரெண்டு தடவ காசு கட்டுன மாதிரி ஆயிடும்.”

அந்த நேரம் என் கைபேசியில் ஒரு காப்புறுதி நிறுவனத்தின் பக்கம் திறந்தே இருந்தது. ஏற்கெனவே இருக்கும் நோய்க்கும் சேர்த்து எடுக்கும் திட்டம். பெயர், பிறந்த தேதி எல்லாம் நிரப்பிவிட்டேன், காசு கட்ட வேண்டியது மட்டும்தான் பாக்கி. அவர் சொன்னதைக் கேட்டு, அவர் கண் முன்னாலேயே அந்தப் பக்கத்தை மூடினேன். இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு ஆறவில்லை. தமிழில் பேசினார், அம்மாவை அம்மா என்று கூப்பிட்டார், தன் அம்மாவையும் இழுத்துச் சொன்னார், நம்பினேன். 196 வெள்ளியை அங்கேயே கைபேசியில், பேநவ் வழியாகக் கட்டினேன். புக்கெட் சுற்றுலாவுக்கும் அவரே 300 வெள்ளி வாங்கிக்கொண்டார்.

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். கப்பல் ஏறுமுன் உடல்நலப் படிவம் ஒன்று வருமாம், காய்ச்சல் இருமல் இருந்தாலும் எல்லாவற்றுக்கும் “இல்லை” என்று தட்டிவிட வேண்டுமாம், உண்மையைச் சொன்னால் ஏற்றாமல் விட்டுவிடுவார்களாம். எங்களுக்கு அன்றைக்கு உடம்பில் ஒன்றும் இல்லை, உள்ளபடிதான் நிரப்பினோம். ஆனால் இதே யோசனையை அவர் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார்? காய்ச்சலோடு பொய் சொல்லி ஏறுகிற ஒருவரால் கப்பல் முழுக்க எத்தனை கிழவர்கள், எத்தனை குழந்தைகள் படுப்பார்கள்?

மரினா பே முனையத்தில் ஏறிய முதல் நாள் அம்மா மேல்தளக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் நகரவே இல்லை. மறுநாள் பினாங்கில் மகனுக்குத் தொண்டை கரகரப்பு, சாயங்காலம் உடம்பு சுட்டது. எங்களுடையது ஜன்னல் இல்லாத உள் அறை. இரண்டு கட்டில், மேலே கூரையிலிருந்து இறங்கும் இரண்டு படுக்கை, ஆள் திரும்பினால் அடுத்தவர் மேல் இடிக்கும். அந்த இடத்தில் ஒருவரை எப்படித் தனியாக வைப்பது? முடிந்ததைச் செய்தோம். எல்லோரும் முகக்கவசம் போட்டோம், துண்டைப் பிரித்தோம், பல் துலக்கும் பிரஷ்ஷைத் தனித்தனிக் குவளையில் வைத்தோம், சவர்க்காரம் போட்டுக் கை கழுவிக் கழுவித் தோலே வெளுத்துவிட்டது.

ராத்திரி இரண்டு மணிக்கு அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டார். நெஞ்சில் விசில் சத்தம். நீல இன்ஹேலரைப் பலமுறை இழுத்தும் அடங்கவில்லை. பேசச் சொன்னால் இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கினார். வரவேற்பு மேசைக்கு அழைத்ததும் சக்கர நாற்காலியோடு வந்து கீழ்த்தள மருத்துவ அறைக்குக் கொண்டுபோனார்கள். வாசலில் நான் அந்தத் திட்டத்தின் அட்டையை நீட்டினேன். தாதி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, இதில் எந்தக் காப்புறுதி நிறுவனத்தின் பெயரும் இல்லையே, பாலிசி எண்ணும் இல்லையே என்றார். அதில் இருந்த ‘24 மணி நேர உதவி எண்’ணை அழைத்தேன். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. எண்ணைச் சரியாகப் பார்த்தால் அது அந்தக் கடைக்காரரின் கைபேசி எண். ராத்திரி இரண்டரை மணிக்கு, கடலுக்கு நடுவில், அம்மா மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்கும்போது அதைக் கண்டுபிடித்தேன்.

டாக்டரை நான் குறை சொல்ல மாட்டேன். நெபுலைசர் வைத்தார், பரிசோதித்து இன்ஃபுளுவென்சா ஏ என்றார், அதற்கான வைரஸ் மாத்திரையை உடனே தொடங்கினார், 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நல்ல பலன் என்று விளக்கினார். யாரிடமிருந்து வந்தது என்று கேட்டேன். கிருமி ஒட்டியபின் ஒன்று முதல் நான்கு நாளுக்குள் தெரியும், ஏறுவதற்கு முன்பே, பள்ளியிலோ ரயிலிலோ கூட ஒட்டியிருக்கலாம் என்றார். நியாயமான பேச்சு. காய்ச்சல் மருந்து இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சல் விட்டிருக்கும்வரை அறையை விட்டு வெளியே வரக்கூடாது என்றார். நான் கொண்டுபோன கோடாலித் தைலத்தையும் மூடி உள்ளே வைக்கச் சொன்னார் தாதி, அந்த வாசனையே சிலருக்கு ஆஸ்துமாவைத் தூண்டுமாம். இது எனக்குத் தெரியாது. அம்மாவின் தலையணைக்கு அடியில் இருந்த புட்டியை உடனே எடுத்துவிட்டேன்.

மறுநாள் மறுபடியும் பார்க்கச் சொன்னார்கள். இரண்டு தடவைக்கும் பரிசோதனைக்கும் மருந்துக்கும் சேர்த்து, சிங்கப்பூர்க் காசுக்கு மாற்றினால் 986 வெள்ளி, என் கிரெடிட் கார்டில். புக்கெட் கரையைக்கூடப் பார்க்கவில்லை, 300 போனது. அந்த ஒன்றுக்கும் உதவாத திட்டத்துக்கு 196. மொத்தம் 1,482.

அறையைப் பார்த்துக்கொண்ட தம்பியைப் பற்றி ஒன்று சொல்லியே ஆகணும். தேனிப் பக்கத்துப் பையன். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை ஃபிளாஸ்க்கில் சுடுநீர் நிரப்பிக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு, தட்டிவிட்டுத் தள்ளி நிற்பார். ஒரு சாயங்காலம் கூடவே ஒரு கிண்ணம், மேலே தட்டு போட்டு மூடியிருந்தது. மிளகு ரசம். சமையலறையில் ஊர்க்காரர் ஒருவரிடம் கேட்டு வைக்கச் சொன்னாராம். அம்மா அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஆவியில் முகத்தைக் காட்டியபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தார். அன்றைக்குத்தான் படுத்துத் தூங்கினார், அதுவரை மூன்று தலையணையைச் சாய்த்து வைத்து உட்கார்ந்தபடியேதான். முகம் தெரியாத அந்தப் பையனுக்கு இருந்த மனசு, எதிரில் உட்கார்ந்து காசு வாங்கியவருக்கு இல்லை.

திரும்பி வந்ததும் தொடங்கியது அலைக்கழிப்பு. முதலில் “ரசீத அனுப்புங்கக்கா, பார்த்துக்கலாம்.” அனுப்பினேன். நான்கு நாள் கழித்து, அசல் ரசீது வேண்டும். வேலையில் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன், அவர் இல்லை, ஒரு பெண் வாங்கி ஒரு தட்டில் போட்டுக்கொண்டார். அடுத்த வாரம் “மேலிடத்துல கேட்டிருக்கேன்.” எந்த மேலிடம்? இரண்டு மேசைக் கடையில் மேலிடம் ஏது? அப்புறம் நீல டிக் விழும், பதில் வராது. மறுபடியும் நேரில் போனபோது ஆள் இருந்தார். அம்மாவுக்கு எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டத்தின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைக் காட்டினார். கிளம்புவதற்கு முன் ஒரு தடவை தேதி மாற்றினால் கட்டணம் கிடையாது, ‘மருத்துவ உதவி’ என்றால் பக்கத்து மருந்தகத்தின் முகவரியைச் சொல்வார்களாம். இதற்குத்தான் ஆளுக்கு 49 வெள்ளி. நீங்கள்தானே மெடிக்கல் எல்லாம் சேர்ந்திருக்கு என்று சொன்னீர்கள் என்றேன். “அம்மாவுக்கு ஆஸ்துமா முன்னாடியே இருக்குல்லக்கா, எந்தக் கம்பெனியும் குடுக்காது” என்றார். அதைத்தானே நான் முதல் கேள்வியாகக் கேட்டேன்! கடைசியில் நேற்று வந்த அந்த ஒரு வரி.

1,482 வெள்ளி. என் சம்பளத்தில் அது சின்னத் தொகை இல்லை.

சரி, விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், நேரமாகிவிட்டது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். முகவர் கடை விற்கும் ‘பாதுகாப்பு’, ‘கேர்’, ‘கவர்’ எதுவும் காப்புறுதி ஆகிவிடாது, காப்புறுதி நிறுவனத்தின் பெயரும் பாலிசி எண்ணும் எழுத்தில் இல்லாமல் ஒரு காசு கொடுக்காதீர்கள். கப்பலில் டாக்டரைப் பார்ப்பது, ஏற்கெனவே இருக்கும் நோய், இரண்டும் அதில் இருக்கிறதா என்று அந்த நிறுவனத்தையே நேராகக் கேளுங்கள். வாயால் சொன்னதை அங்கேயே உட்கார்ந்து வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள், நான் அதைச் செய்யவில்லை. முகவருக்கு உரிமம் இருக்கிறதா என்று பயணத்துறைக் கழகத்தின் பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள். வயதானவர்களுக்குச் சளிக்காய்ச்சல் தடுப்பூசியை இரண்டு வாரத்துக்கு முன்பே போட்டுவிடுங்கள், போட்ட உடனே அது வேலை செய்யாது. கை ஜெல்லை மட்டும் நம்பாதீர்கள், வாந்தி பேதி தரும் நோரோவைரஸ் அதற்குச் சரியாக அடங்காது, சவர்க்காரமும் தண்ணீரும்தான். இருமல் இருந்தால் படிவத்தில் உண்மையை எழுதுங்கள்.

நான் முதலில் பயனீட்டாளர் சங்கத்துக்கு எழுதுகிறேன். அதற்கும் அசையவில்லை என்றால் சிறு கோரிக்கைகளுக்கான நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், இரண்டு வருடத்துக்குள் போடணும், என் மாதிரித் தொகைக்குப் பத்து வெள்ளிதான் கட்டணம். அசல் ரசீதைக் கொடுக்கும் முன் படம் எடுத்து வைத்திருந்தேன், அது ஒன்றுதான் இப்போது கையில் இருக்கிறது. அந்தப் பச்சை டிக் போட்ட தாளும் இருக்கிறது.

அம்மாவுக்கு இருமல் இன்னும் முழுசாக விடவில்லை, ஐந்து வாரம் ஆகிறது. 11.10-க்குப் பலதுறை மருந்தகத்தில் பதிவு செய்திருக்கிறேன், செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார். வந்து மீதியை எழுதுகிறேன்.